ஃபயர்வால் கேட்கும் கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்கிறோமா?

புதிதாக ஒரு புரோகிராமைத் திறந்ததும், 'இந்த ஆப்பின் சில வசதிகளை ஃபயர்வால் தடுத்திருக்கிறது' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ஃபயர்வால் என்பது நெட்வொர்க் வழியாகக் கணினிக்குள் வரும், வெளியே போகும் தொடர்புகளைக் காவல் காக்கும் மென்பொருள். விண்டோஸ் பதிப்பைப் பொறுத்து வாசகம் கொஞ்சம் மாறும். கீழே இரண்டு பட்டன்கள்: அனுமதி, ரத்து. வேலை நடந்தால் போதும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அனுமதியை அழுத்துகிறார்கள். வைரஸுக்குப் பயந்தவர்கள் அதே வேகத்தில் ரத்தை அழுத்துகிறார்கள். கேள்வி என்னவென்று இரண்டு பேரும் பார்ப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது, அதனால் இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

'இந்தப் புரோகிராம் இன்டர்நெட்டைப் பயன்படுத்தலாமா?' என்று அந்தப் பெட்டி கேட்கவில்லை. விண்டோஸ் ஃபயர்வாலை நீங்கள் எதுவும் மாற்றாமல் வைத்திருந்தால், கணினியிலிருந்து வெளியே போகும் தொடர்புகள் எல்லாம் கேள்வி இல்லாமல் போய்விடும். அனுமதி விதி இல்லாமல் வெளியிலிருந்து உள்ளே வரும் தொடர்புகளைத்தான் அது தடுக்கிறது. பிரவுசரில் ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள், தளம் பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலுக்குத் தனி அனுமதி வேண்டாம், ஏனென்றால் பேச்சைத் தொடங்கியது நீங்கள். ஒரு புரோகிராம் ஏதோ ஒரு போர்ட்டில் (தொடர்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) உட்கார்ந்து, 'யாராவது கூப்பிட்டால் பதில் சொல்கிறேன்' என்று காத்திருக்கத் தொடங்கும்போதுதான் பெட்டி வருகிறது. ஆக, கேள்வி இதுதான்: நீங்கள் கூப்பிடாமலேயே, வேறொரு கணினி தானாக வந்து இந்தப் புரோகிராமிடம் பேசலாமா?

இப்படிப் பார்த்தால் பதில் சொல்வது எளிது. உங்கள் கணினியில் நீங்கள் நடத்தும் விளையாட்டில் நண்பர்கள் வந்து சேர வேண்டும் என்றால் அனுமதி தேவை. வீட்டிலுள்ள மற்ற கணினிகளோடு ஃபைல் பகிர்வது, டிவியில் பார்க்கக் கணினியிலிருந்து வீடியோ அனுப்புவது, ஸ்கேனர் தானாகவே படத்தைக் கணினிக்குத் தள்ளுவது ஆகியவற்றுக்கும் தேவை. ஒரு பிடிஎஃப் ரீடரோ, போட்டோ எடிட்டரோ, தனியாக ஆடும் சீட்டாட்டமோ இதைக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். வெளியாள் வந்து அதனிடம் பேச என்ன காரணம் இருக்க முடியும்?

உள்ளே வருவதைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது, ஆனால் இயல்பாக அது அணைந்தே கிடந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வார்ம் (கணினிக்குக் கணினி தானாகப் பரவும் தீய மென்பொருள்) 135-ஆம் போர்ட் வழியாகப் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை, எந்த மெயிலையும் திறக்கவில்லை. ஓட்டையை அடைக்கும் பேட்ச் போடாத கணினி நெட்டில் இணைந்திருந்தாலே போதும், திறந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் ஃபயர்வால் இயல்பாகவே இயங்கும்படி ஆனது. 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை என்ற வார்மும் இதே ரகம்தான். அது புகுந்த வழி ஃபைல் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட். அனுமதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு வழியைத் திறக்கிறோம். அந்தப் புரோகிராமில் நாளை ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், வழி ஏற்கனவே திறந்திருக்கும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்து என்றால் 'பிறகு பார்க்கலாம்' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதை அழுத்தியதும் அந்தப் புரோகிராமின் பெயரில் தடை விதிகள் எழுதப்படுகின்றன, தரவு அனுப்பும் இரண்டு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று. அதன்பின் பெட்டி திரும்ப வராது. நான் ஒருமுறை ஸ்கேனர் மென்பொருளுக்கு அவசரத்தில் ரத்து கொடுத்துவிட்டு, மறந்தும் போனேன். சில வாரம் கழித்து ஸ்கேன் வரவில்லை. மென்பொருளை நீக்கி இரண்டு முறை மீண்டும் நிறுவினேன், கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தேன். அனுமதி விதி ஒன்றைக் கையால் சேர்த்தும் பலன் இல்லை, ஏனென்றால் விண்டோஸில் தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். கடைசியில் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், உள்வரும் விதிகளின் பட்டியலில், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறியோடு இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை நீக்கியதும் ஸ்கேன் வந்தது. ஒழுங்காக இருந்த புரோகிராம் காரணமில்லாமல் முரண்டு பிடித்தால் முதலில் அங்கே பாருங்கள்.

அதே பெட்டியில் 'பிரைவேட்', 'பப்ளிக்' என்று இரண்டு டிக் இருக்கும். சில பதிப்புகளில் விவரத்தை விரித்தால்தான் தெரியும். பிரைவேட் என்பது உங்கள் வீட்டு நெட்வொர்க், பப்ளிக் என்பது விடுதி, ரயில் நிலையம், நூலகம் போன்ற இடங்களின் வைஃபை. இரண்டையும் டிக் செய்வது பரவலான பழக்கம். வீட்டில் ஃபைல் பகிரக் கொடுத்த அனுமதி விடுதி வைஃபையிலும் கூடவே வரும், முகம் தெரியாத நூறு பேர் அதே நெட்வொர்க்கில் இருப்பார்கள். இன்னொன்றும் நடக்கிறது: வீட்டு வைஃபையே 'பப்ளிக்' என்று பதிவாகியிருக்கும், அது தெரியாமல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் பப்ளிக்கைத் திறந்துகொண்டே போவோம். நெட்வொர்க் செட்டிங்ஸில் வீட்டு வைஃபையை ஒருமுறை பிரைவேட் என்று மாற்றிவிட்டால் இந்த வேலையே இல்லை.

பெயரைப் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. 'எஸ்விசிஹோஸ்ட்' (svchost) என்ற பெயர் பலரைப் பயமுறுத்துகிறது. அது விண்டோஸின் சொந்தப் புரோகிராம். தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், கணினிக்கு நெட்வொர்க் முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி, விண்டோஸ் அப்டேட் எல்லாமே அதற்குள்தான் ஓடுகின்றன. வெளியே போவதையும் கேட்டு நிறுத்தும் வேறு நிறுவன ஃபயர்வால்களைப் போட்டவர்கள், சந்தேகப்பட்டு அதைத் தடுத்துவிட்டு நெட் வரவில்லை என்று தவிப்பதுண்டு. இதற்கு நேர்மாறாக, நடுவில் இரண்டு எழுத்தை இடம் மாற்றி 'எஸ்சிவிஹோஸ்ட்' (scvhost) என்று பெயர் வைத்துக்கொண்டு வரும் தீய மென்பொருளும் உண்டு. எனவே பெயரை நம்பாமல் இடத்தைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்தால், அசல் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் இருக்கும். டெம்ப் ஃபோல்டரிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால் அனுமதி கொடுக்காதீர்கள். பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்றும் பார்க்கலாம். சின்ன நிறுவனங்களின் நல்ல மென்பொருள்கள் பலவற்றில் கையொப்பம் இருக்காது, அதனால் அது இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இதைவிட நுட்பமான ஒன்றை அனுபவசாலிகளே தவறவிடுகிறார்கள். பைத்தான், ஜாவா, நோட் போன்றவை தாங்களாக எதுவும் செய்வதில்லை, நாம் கொடுக்கும் நிரலை ஓட்டுகின்றன. விதியோ அந்த ஃபைல் இருக்கும் பாதையின் பெயரில்தான் எழுதப்படுகிறது. ஒருநாள் பைத்தானில் ஒரு சோதனை சர்வரை ஓட்ட அனுமதி கொடுத்தால், அன்றிலிருந்து அந்தப் பைத்தானில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் வெளியாருக்காகக் காத்திருக்கலாம். பெட்டி வராது. இங்கே பெட்டியில் அனுமதி கொடுக்காமல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் நீங்களே ஒரு விதி எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரை வீட்டுக்குள் மட்டும் நடத்த வேண்டுமா? புரோகிராம் ஜாவா, டிசிபி போர்ட் 25565, பிரைவேட் மட்டும், தொலைமுகவரி உள் நெட்வொர்க் மட்டும். சோதனை சர்வர் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடினால் போதும் என்றால், அதை 127.0.0.1 முகவரியில் (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் காத்திருக்கும்படி அமையுங்கள், ஃபயர்வாலில் எந்த அனுமதியும் வேண்டாம்.

புரோகிராம் பெயரே இல்லாமல் வெறும் போர்ட்டை மட்டும் திறப்பதும் நல்லதல்ல. புரோகிராமுக்கான அனுமதி அது ஓடும்போது மட்டுமே பயன்படும். போர்ட் விதி எப்போதும் அப்படியே நிற்கும், அந்த எண்ணில் எந்தப் புரோகிராம் வந்து உட்கார்ந்தாலும் செல்லும்.

வீட்டு ரூட்டர் காப்பாற்றும் என்பது பாதி உண்மைதான். அதே வைஃபையில் இருக்கும் வைரஸ் பிடித்த இன்னொரு கருவியை ரூட்டர் பெரும்பாலும் தடுக்காது. லேப்டாப் வெளியே போகும்போது ரூட்டர் கூட வருவதுமில்லை. ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தால், ஒரு நிமிடத்தில் மீண்டும் போட்டுவிடுங்கள். அதன் சர்வீஸையே நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், விண்டோஸின் வேறு பகுதிகளும் அதனால் தடுமாறும்.

மேக்கில் உள்ள ஃபயர்வாலும் உள்வருவதைத்தான் பார்க்கிறது. கையொப்பமிட்ட ஆப்களைத் தானாக அனுமதிக்கும் தேர்வு அதில் இருக்கிறது, அது போட்டிருந்தால் பெட்டி வரவில்லை என்பதற்காக எதுவும் திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உபுண்டு லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை நாம்தான் இயக்க வேண்டும். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும் வழி) மூலம் அதை இயக்குபவர்கள் முதலில் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட்டை அனுமதித்துவிட்டுப் பிறகு இயக்குங்கள். வரிசை மாறினால் அந்தக் கணினிக்குள் நீங்களே மறுபடி நுழைய முடியாமல் போகலாம்.

அப்புறம், பழைய அனுமதிகள். புரோகிராமை நீக்கினாலும் அதன் விதி பல நேரம் பட்டியலிலேயே தங்கிவிடும், அதே பாதையில் அதே பெயரில் வேறொரு ஃபைல் வந்தால் அந்த அனுமதி அதற்கும் போய்ச் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாத வரிகளை முடக்கி வையுங்கள். உடனே நீக்க வேண்டாம், முடக்கிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். கூடவே ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால், இப்போது எந்தப் புரோகிராம் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது, ஃபயர்வால் அதை விடுகிறதா தடுக்கிறதா என்பது ஒரே அட்டவணையில் இருக்கும். அனுமதி பெற்றுக் காத்திருப்பவற்றில் நீங்கள் அறியாத பெயர் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.