கைபெலனை நம்பும் மனத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

அகந்தையைக் குறித்துப் பேச வந்தவர்கள் பெரும்பாலும், அழிவுக்கு முன்னே அகந்தை வரும் என்று சொல்லும் பைபிள் வசனமாகிய நீதிமொழிகள் 16:18-ஐத்தான் எடுக்கிறார்கள். அவ்வசனம் அடுத்தவரைச் சுட்டுவதற்கே எளிதாகப் பயன்பட்டுவிடுகிறது என்பது என் கருத்து. ஆகவே உங்களையே சோதித்துப் பார்க்க, பைபிளின் உபாகமம் 8-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகு, "என் சாமர்த்தியமும் என் கைபெலனும்" இதைச் சம்பாதித்தது என்று உள்ளத்தில் சொல்லாதிருக்க 17-ஆம் வசனம் எச்சரிக்கிறது. வறுமையில் அல்ல, செழிப்பில்தான் இந்த ஆபத்து.

மாதக் கணக்கை முடிக்கும் இரவில் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், நீங்கள் உண்டாக்காத, ஆனால் உங்கள் வருமானம் சார்ந்திருக்கிறவற்றை எழுதுங்கள். கோபிசெட்டிபாளையத்து விவசாயிக்குப் பவானி நீரும், அப்பாரு (தாத்தா) வெட்டிய கிணறும் அதில் வரும். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவருக்கு வெளிமாவட்டத்திலிருந்து வந்து தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவர்களின் உழைப்பு வரும். நீ வெட்டாத துரவுகளை, அதாவது கிணறுகளைப் பற்றி உபாகமம் 6:11 சொல்வதை அருகில் வைத்து வாசித்தால் பட்டியல் தானாகவே நீளும்.

அடுத்து நியாயாதிபதிகள் 7. மீதியானியரோடு போரிட இஸ்ரவேலின் தலைவன் கிதியோன் திரட்டிய 32,000 பேர் முதலில் 10,000 ஆகவும், பின்பு 300 ஆகவும் குறைக்கப்பட்டார்கள். தங்கள் கையே தங்களை இரட்சித்தது என்று இஸ்ரவேல் வீம்பு பேசாதிருப்பதற்காகவே இது நடந்தது. ஆர்டரோ ஆளோ குறைந்த மாதத்தில் இப்பகுதியை வாசியுங்கள். லாபம் வந்த மாதத்திற்கு, தன் வல்லமையால் பாபிலோனைக் கட்டியதாகப் பெருமை பேசிய நேபுகாத்நேச்சார் ராஜா தாழ்த்தப்பட்டதைச் சொல்லும் தானியேல் 4 பொருந்தும்.