எந்தக் கோப்பை எந்த மென்பொருளில் திறப்பது?

வேர்டு, நோட்பேட், லிப்ரே ஆபிஸ் ரைட்டர் ஆகிய மூன்றும் ஒரே கணினியில் இருக்கும்போது, ஒரு கோப்பு எதற்கு உரியது என்பதை அதன் பெயரின் இறுதியில் வரும் நீட்சியே காட்டும் என்பதால், விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில், ஷோ என்பதன் கீழுள்ள ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் வசதியை முதலில் இயக்குங்கள். டாக்எக்ஸ் (.docx) என்பது 2007 முதல் வேர்டின் இயல்பான வடிவம், ஓடிடி (.odt) ரைட்டருடையது, நோட்பேடின் டிஎக்ஸ்டி (.txt) கோப்பிலோ தடித்த எழுத்தும் படமும் தங்கா.

கோப்பின் மீது வலச்சொடுக்கி, ஓப்பன் வித் வழியாக விரும்பிய மென்பொருளைத் தேர்ந்து, எப்போதும் அதிலேயே திறக்கும்படி அமைக்கலாம். ரைட்டரில் எழுதியதை வேர்டு வைத்திருப்பவருக்கு அனுப்பும்போது, சேவ் ஆஸ் மூலம் டாக்எக்ஸாகச் சேமிப்பதே நல்லது. பெயரில் நீட்சியை மட்டும் திருத்தினால் (பலரும் தடுமாறும் இடம் இதுதான்) உள்ளிருக்கும் வடிவம் மாறாது. விண்டோஸுடன் முன்பு வந்த எளிய எழுத்து மென்பொருளான வேர்ட்பேடைத் தேட வேண்டாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது.