பழைய ஸ்டாண்ட்-அப் கலைஞர்களைக் கேட்கப் பழகுவது எப்படி?

ஸ்டாண்ட்-அப், அதாவது ஒருவர் தனியாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் காமெடி, பார்க்கத் தொடங்கிய எவரும் சீக்கிரமே சில அமெரிக்கப் பெயர்களில் வந்து நிற்பார்கள்: லென்னி புரூஸ், ரிச்சர்ட் பிரையர், ஜார்ஜ் கார்லின். இவர்கள் இல்லாமல் இன்றைய காமெடியே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று ஆசையாகத் தேடிப் போட்டால், பத்தே நிமிடத்தில் அலுத்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விடாமல் கேட்டதில் ஒரு வழி பிடிபட்டது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒருவருடைய தாக்கத்தை அவருடைய ஜோக்குகளில் தேடினால் கிடைக்காது. அவர் வந்து போன பிறகு மேடையில் புதிதாக என்னவெல்லாம் செய்ய முடிந்தது என்று பார்த்தால் கிடைக்கும்.

படி 1: ஒரே ஆள், ஒரே பதிவு, முழுசாக

துண்டு வீடியோக்கள் வேண்டாம். முப்பது நொடித் துண்டில் பஞ்ச்லைன், அதாவது சிரிப்பு வெடிக்கும் கடைசி வரி, மட்டும்தான் இருக்கும். அதற்கு முன்னால் அந்த மனிதர் எப்படிப் பொறுமையாக அடித்தளம் போட்டார் என்பது வெட்டப்பட்டிருக்கும்.

முதல் ஆளாக நான் பாப் நியூஹார்ட்டைச் சொல்வேன். 1960-இல் வந்த ‘தி பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்’ ஆல்பம். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் காமெடி ஆல்பம் அது. அடுத்த ஆண்டு கிராமியில் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருதையும் வாங்கியது. உச்சரிப்பு தெளிவு, கெட்ட வார்த்தை கிடையாது. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறுகிறவர்களுக்கும் பிடிபடும்.

படி 2: கண்ணை விட்டுவிட்டுக் காதால் கேளுங்கள்

முதல் முறை சும்மா கேளுங்கள், எதுவும் எழுத வேண்டாம். இரண்டாம் முறை ஹெட்போன், ஒரு நோட்டு, பேனா. கூட்டம் சிரிக்கும் இடத்தில் ஒரு கோடு, பெரிய சிரிப்புக்கு இரண்டு கோடு, அவர் பேசாமல் நிற்கும் இடத்தில் ஒரு வட்டம். பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள். வார்த்தைகள் வந்துவிடும், இடைவெளி வராது. நமக்கு வேண்டியதே அந்த இடைவெளிதான்.

நியூஹார்ட் ஆல்பத்திலேயே பார்க்கலாம். அதில் ஒரு பகுதியில், அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் தன் புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையை ஆற்றப் போகிறார். அவருடைய விளம்பர ஆலோசகர் தொலைபேசியில் பேசுகிறார். நமக்குக் கேட்பது ஆலோசகரின் குரல் மட்டும். அந்த உரையின் புகழ்பெற்ற தொடக்கத்தை (‘ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்’, அதாவது நான்கு இருபதும் ஏழும்) லிங்கன் வெறும் ‘எண்பத்தேழு’ என்று மாற்றிவிட்டார் போல என்பது, ஆலோசகர் பதறுவதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. தாடியை எடுக்கப் போகிறார் என்பதும் அப்படித்தான். உங்கள் வட்டங்கள் எல்லாம் லிங்கன் பேசும் நேரத்தில் விழுந்திருக்கும். அந்த வட்டங்களுக்குள் லிங்கன் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதிப் பாருங்கள். ஜோக்கில் பாதியை ரசிகரே மனசுக்குள் எழுதிக்கொள்கிறார் என்பது அப்போது விளங்கும்.

எழுதியதை அட்டைகளுக்கு மாற்றிவிடுவது நல்லது, ஓர் அட்டைக்கு ஒரு உத்தி. ஃபில்லிஸ் டில்லர் 37 வயதில், 1955-இல்தான் மேடை ஏறினார். தன் ஜோக்குகளை அட்டைகளில் தட்டச்சு செய்து, தலைப்புவாரியாக அடுக்கி ஓர் இரும்பு அலமாரியில் வைத்திருந்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள்! அந்த அலமாரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படி 3: சிரிப்பு வரவில்லையா? காலத்தில் பின்னோக்கிப் போங்கள்

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பழைய கலைஞர் ஒருவர் சாதாரணமாகத் தெரிவதற்குக் காரணம், அவர் கண்டுபிடித்ததை அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் எடுத்துக்கொண்டதுதான். நாம் நகலை முதலில் பார்த்துவிட்டோம், அசலைக் கடைசியில் பார்க்கிறோம். இதற்கு மருந்து, அவருக்கு முன்னால் மேடையில் என்ன நடந்தது என்பதை அரை மணி நேரம் கேட்டுவிட்டு அவரிடம் திரும்பி வருவது.

மோர்ட் சால் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1953-இல் சான் பிரான்சிஸ்கோவின் ‘ஹங்க்ரி ஐ’ கிளப்பில் தொடங்கியவர். இன்று கேட்டால் யாரோ அரசியல் பேசுகிறார், அவ்வளவுதான். சரி, அவரை நிறுத்திவிட்டு, அவருக்கு முந்தைய தலைமுறைக் கலைஞர் ஹென்னி யங்மேனைப் போடுங்கள். கையில் வயலின், மனைவியைப் பற்றி ஒருவரி ஜோக், உடனே சம்பந்தமில்லாமல் அடுத்தது. அந்தக் காலத்து நைட்கிளப் காமெடி பெரும்பாலும் இப்படித்தான், கோட்டும் சூட்டும் டையுமாக. அதில் ஊறிவிட்டு மறுபடி சாலிடம் வாருங்கள். ஸ்வெட்டர் போட்ட ஒருவர், கையில் சுருட்டிய செய்தித்தாள், அன்றைய செய்தியைப் பற்றித் தனக்குத் தோன்றுவதை வாய்விட்டு யோசிப்பதுபோல் பேசுகிறார். ஒரு பேச்சு இன்னொன்றுக்குத் தாவுகிறது, நடுவில் கிளை பிரிகிறது. மேடையில் நிற்பவருக்கென்று சொந்தக் கருத்து இருக்கலாம் என்பதே அப்போது எவ்வளவு புதுசு என்று உறைக்கும்.

பிரையர் விஷயத்தில் இன்னும் வசதி. பின்னால் போக வேறு ஆளே தேவையில்லை, அவருடைய பழைய நிகழ்ச்சிகளே போதும். அறுபதுகளின் தொலைக்காட்சிப் பிரையர், அப்போது பிரபலமாக இருந்த காமெடியன் பில் காஸ்பியின் பாணியில் நாசூக்காகப் பேசியவர். 1967-இல் லாஸ் வேகஸ் மேடையிலிருந்து பாதியில் இறங்கிப் போனார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறினார். பழையதில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, 1979-இல் வெளியான ‘லைவ் இன் கான்சர்ட்’ படத்தில் மாரடைப்புப் பகுதியைப் பாருங்கள். (இதை மட்டும் கண்ணாலும் பார்க்க வேண்டும்.) அவருடைய இதயமே ஒரு முரடனின் குரலில் அவரை மிரட்டுகிறது. மூச்சு விடாதே என்கிறது, மண்டியிடச் சொல்கிறது. பன்றிக்கறி தின்றபோது சாவு நினைவுக்கு வரவில்லையா என்று கேட்கிறது. அவர் கடவுளைக் கூப்பிடப் பார்த்தால், எனக்குத் தெரியாமல் கடவுளிடம் பேசுகிறாயா என்று அதட்டுகிறது. எழுதிப் பார்த்தால் தனியே எடுத்துச் சொல்ல ஒரு ஜோக்கும் தேறாது. ஒரு மனிதர் தன் மரண பயத்தை இரண்டு ஆட்களாகப் பிரித்து நடிக்கிறார், கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கிறது. தன் அவமானத்தையும் நோயையும் மேடையில் கொட்டும் இன்றைய கலைஞர் ஒவ்வொருவரும் பிரையருக்குக் கடன்பட்டவர் என்றே நினைக்கிறேன்.

படி 4: ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கோடு போடுங்கள்

அட்டைகளை மேசையில் பரப்பி, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பாருங்கள். சில கோடுகள் மேடையிலேயே கிடைக்கும். பிரையருக்கு அடுத்த தலைமுறைக் கலைஞர் எடி மர்ஃபி 1987-இல் ‘ரா’ படத்தில், தன் கெட்ட வார்த்தைகளுக்காகக் காஸ்பி தொலைபேசியில் கண்டித்ததையும், உடனே தான் பிரையரிடம் முறையிட்டதையும் இருவர் குரலிலும் நடித்துக் காட்டுவார். இரண்டு தலைமுறை ஒரே பகுதியில் இருக்கிறது.

சில கோடுகள் காவல் நிலையம் வழியாகப் போகும். 1962 டிசம்பரில் சிகாகோவின் ‘கேட் ஆஃப் ஹார்ன்’ கிளப்பில், ஆபாசமாகப் பேசியதற்காக லென்னி புரூஸைக் கைது செய்தார்கள். பார்வையாளராக உட்கார்ந்திருந்த இளம் ஜார்ஜ் கார்லின், போலீஸ் கேட்டபோது அடையாள அட்டையைக் காட்ட மறுத்ததால் அவரும் கைதானார். இதேபோன்ற இன்னொரு வழக்கில் புரூஸுக்கு 1964-இல் நியூயார்க்கில் தண்டனை விதிக்கப்பட்டது. 1966-இல் இறந்துபோனார். அந்த மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2003-இல்! தொலைக்காட்சியில் சொல்லக் கூடாத ஏழு வார்த்தைகள் பற்றிய நிகழ்ச்சிக்காகக் கார்லின் 1972-இல் மில்வாக்கியில் கைதானார். அதன் இன்னொரு வடிவத்தை ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்பப் போய், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978-இல் 5-4 என்ற கணக்கில் அரசுத் தரப்பு வென்றது. புரூஸின் பதிவுகளை இந்தப் பின்னணி தெரியாமல் கேட்காதீர்கள். கடைசிக் காலத்தில் அவர் மேடையில் தன் வழக்குகளைப் பற்றியே அதிகம் பேசினார், அதில் சிரிப்பைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்த சிலர், சப்டைட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். முதல் முறை வேண்டாம். பஞ்ச்லைன் அவர் வாயைத் திறக்கும் முன்பே திரையில் வந்து நிற்கும், டைமிங் போய்விடும். புரியாத இடத்தை இரண்டாம் முறை சப்டைட்டில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காஸ்பியைக் கேட்கத்தான் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. பாலியல் தாக்குதல் வழக்கில் 2018-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2021-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எத்தனையோ பெண்கள் சொன்னதைப் படித்த பிறகு என்னால் அவரைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை, உங்களையும் கேட்கச் சொல்ல மாட்டேன். பிரையர் எதிலிருந்து விலகினார் என்று தெரிந்துகொள்ள, மேலே சொன்ன பழைய பிரையர் நிகழ்ச்சிகளே போதும்.

நியூஹார்ட்டுக்கு அடுத்து யார் என்று கேட்பவர்களுக்கு: மாம்ஸ் மேப்ளி, அப்புறம் டில்லர், அப்புறம் ஜோன் ரிவர்ஸ், மூவருமே பெண் கலைஞர்கள். இந்த வரிசையிலேயே கேளுங்கள், மூன்று பேருக்கும் தனித்தனி நிறத்தில் அட்டை வைத்துக்கொண்டு.