கான்கிரீட் மேற்பலகையுடன் மரத்தால் ஒரு கிரில் மேசை

மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ கரியடுப்பு வைத்து மீனும் கோழியும் சுடுபவர்களுக்கு, வெயிலிலும் மழையிலும் வெளியிலேயே கிடக்கக்கூடிய ஒரு மேசை தேவைப்படுகிறது. காலும் சட்டமும் மரம், மேற்பலகை கான்கிரீட் என்ற சேர்க்கை இதற்கு மிகவும் ஏற்றது. சூடான தட்டை அப்படியே இறக்கி வைத்தாலும் கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகாது. மரத்தில் வேலை செய்வது எளிது, பழுதானால் ஒரு காலை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் மரம் மழைக்காலத்தில் ஊறி விரியும், கோடையில் சுருங்கும். கான்கிரீட் அந்த அளவுக்கு அசையாது. ஆகவே இம்மேசை எத்தனை ஆண்டு நிற்கும் என்பது, இவை இரண்டும் சந்திக்கும் இடத்தை நாம் எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பலகையை 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் அதன் கன அளவு சரியாக 1 கன அடி. எடை ஏறத்தாழ 68 கிலோ. கனத்தை 2 அங்குலமாக்கினால் எடை 90 கிலோவை எட்டிவிடும், அதனால் கிடைக்கும் நன்மையோ மிகக் குறைவு. உயரத்தை முடிவு செய்யும்போது அடுப்பின் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நின்றபடி சமைப்பவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே அடுப்பின் கம்பிவலை இருந்தால் தோள் வலிக்காது. ஆகையால் சமையலறை மேடையின் உயரத்தை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளாமல், அடுப்பின் உயரத்தைக் கழித்தே காலை அறுக்க வேண்டும்.

மரத்துக்குத் தேக்கும் வேங்கையும் சிறந்தவை. பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகளில், பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய தேக்குச் சட்டங்கள் புதியதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு இழைத்தால் உள்ளே மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ரப்பர் மரத்தையும் சாதாரண பிளைவுட்டையும் வெளியில் வைக்கும் பொருளுக்குப் பயன்படுத்தவே கூடாது. கால்கள் 3 அங்குலச் சதுரம், மேற்சட்டம் 3-க்கு 2 அங்குலம் போதும். சட்டத்தின் வெளியளவு 45-க்கு 21 அங்குலமாக இருந்தால் நான்கு புறமும் பலகை ஒன்றரை அங்குலம் வெளியே நீண்டு நிற்கும். சட்டத்துக்குள் அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகளைக் கொடுத்து, காலும் சட்டமும் சேரும் மூட்டுகளை, ஒன்றில் துளையிட்டு மற்றதன் முனையை அதில் செருகும்படி, துளையும் கழுந்துமாகச் செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளால் இறுக்கலாம். வெறும் இரும்புத் திருகு ஒரே மழையில் மரத்தில் கறை இறக்கிவிடும். காலின் அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும் இடம். பழைய வீடுகளில் திண்ணைத் தூணைத் தரையில் ஊன்றாமல் கல்லின் மேல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அதே முறையில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கிரானைட் துண்டை வைத்தால் ஈரமும் கரையானும் எளிதில் ஏறாது, மாடித் தட்டோடும் உடையாது.

பலகையைத் தலைகீழாக வார்ப்பதே நல்லது, ஏனெனில் அச்சின் அடியில் படியும் முகம்தான் வழவழப்பாக வரும். மைக்கா ஒட்டிய பலகையின் மேல் ஒன்றரை அங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) திருகு போட்டு நான்கு புறமும் அடைத்து, உள்மூலைகளில் சிலிகான் இட்டு விரலால் ஒரே சீராக இழுத்துவிட வேண்டும். வார்த்தபின் அந்த வளைவே மேசையின் விளிம்பாகிறது என்பதால் இங்கே செலவிடும் நேரம் வீணாகாது. அச்சு முழுவதும் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள்.

கலவைக்குக் கால் மூட்டை சிமெண்டு, அதாவது 12.5 கிலோ, சேதாரத்தையும் சேர்த்துப் போதுமானது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), மூன்று பங்கு ஜல்லி. பலகை மெல்லியது என்பதால் முக்கால் அங்குல ஜல்லி ஆகாது. 12 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஜல்லியைக் கேட்டு வாங்குங்கள். உலர்ந்த நிலையிலேயே ஒரே நிறம் வரும்வரை புரட்டிய பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இந்த அளவுக்கு 6 லிட்டரைத் தாண்டக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். வேலை எளிதாகிறது என்று கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் பின்னால் நுண்துளையாகவும் வெடிப்பாகவும் வெளிப்படும்.

அச்சில் பாதி உயரம் நிரப்பி, வெல்டட் மெஷ்ஷை (பற்றவைத்த கம்பிவலையை) விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி விரித்து, மீதியை நிரப்புங்கள். கம்பி நடுவில் இருந்தால்தான் இரு பக்கமும் ஈரம் எட்டாத கனம் கிடைக்கும். ரப்பர் சுத்தியலால் நான்கு புறமும் தட்டிக்கொண்டே இருந்தால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடையும். அவை வருவது நிற்கும்வரை தட்டுவதை நிறுத்தாதீர்கள். மட்டப்பலகையால் இழுத்துச் சமமாக்கிய பின், எண்ணெய் தடவிய மூன்று நூல் (3/8 அங்குல) கம்பியை விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, சுற்றிலும் பாதி அளவுக்கு அழுத்தி வையுங்கள். சில மணி நேரம் கழித்து, கலவை இறுகியதும் அதை எடுத்துவிட்டால் பலகையின் அடியில் ஒரு காடி கிடைக்கும். மழைநீர் அடிப்பக்கமாக ஊர்ந்து மரச்சட்டத்தை அடையாமல், இந்தக் காடியிலேயே சொட்டிவிடும். சன்ஷேடுகளின் அடியில் கொத்தனார்கள் விடுவது இதே காடிதான். இவ்வளவு சிறிய வேலை இவ்வளவு பெரிய பயன் தருவது இம்மேசையில் வேறு எங்கும் இல்லை.

உச்சி வெயிலில் வார்க்காமல், மாலையில் வார்த்து ஈரச் சாக்கால் மூடுங்கள். மழை ஓய்ந்து, வெயிலும் கடுமையாகாத தை மாதம் இதற்கு உகந்தது. நான்காம் நாள் அச்சைக் கழற்றலாம் என்றாலும், சாக்கு குறைந்தது பத்து நாளாவது ஈரமாகவே இருக்க வேண்டும். பலகையைப் படுக்கை வாக்கில் தூக்கினால் நடுவில் வெடிக்கக்கூடும். நான்கு பேர் சேர்ந்து விளிம்பில் நிமிர்த்தி, அதே நிலையில் கொண்டுபோக வேண்டும்.

சட்டத்தின் மேல் வைக்கும்போது பசையிட்டு ஒட்ட வேண்டாம். ஆங்காங்கே ரப்பர் வில்லைகளை வைத்து, பலகை நகராதபடி நான்கைந்து இடத்தில் சிலிகான் பொட்டுகள் இட்டால் போதும். மரம் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும், இடையே காற்றும் போய்வரும்.

ஒரு மாதம் வரை இதன்மேல் நெருப்பு வேண்டாம். உள்ளே தங்கியுள்ள ஈரம் திடீர் வெப்பத்தில் ஆவியாகி, மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். பலகை நன்கு காய்ந்த பின்னரும் கரியை நேரடியாக அதன்மேல் கொட்டக் கூடாது. தீச்செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, காலுள்ள அடுப்பை அவற்றின்மேல் வையுங்கள். அடுப்பு எப்போதும் பலகையின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளியே இருக்க வேண்டும்.

எலுமிச்சை, புளி, தக்காளி ஆகியவற்றின் அமிலம் சிமெண்டை அரித்து வெளிறிய தடம் விடும். மஞ்சள் கறையோ எளிதில் போகாது. எனவே பலகை காய்ந்தவுடன், உணவு படும் இடத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்டுள்ள, உள்ளே ஊறும் வகை சீலரை இரண்டு முறை பூசுங்கள். மேலே படலமாக நிற்கும் பூச்சு சூட்டில் இளகி உரியும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் தேய்த்துவிடலாம். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், திறந்த வெளியில் விரித்து உலர்த்திய பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.