கழுத்துப் பிடிப்புக்கு எனக்குக் கைகொடுத்த மசாஜ்

நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காரும் வேலை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல் மாதிரி ஒரு முடிச்சு. தலையைத் திருப்பினாலே சுள்ளென்று இழுக்கும். எலும்பில் கோளாறில்லை, தசைப்பிடிப்புதான் என்று மருத்துவர் சொன்ன பிறகே மசாஜ் பக்கம் போனேன்.

முதலில் ஸ்வீடிஷ் மசாஜ். எண்ணெய் தடவி நீளமாக நீவுவார்கள், பிசைவார்கள். அன்றிரவு நல்ல தூக்கம். முடிச்சு மட்டும் அசையவில்லை. மன அழுத்தத்துக்கு என்றால் இதையே சொல்வேன்.

அடுத்து, 2019இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்ந்த தாய்லாந்து நாட்டு 'தாய்' மசாஜ். எண்ணெய் கிடையாது, உடையோடு பாயில் படுக்கவைத்துக் கைகாலை இழுத்து வளைப்பார்கள். இடுப்பு லேசானது. கழுத்துக்குச் சுமார்தான்.

கைகொடுத்தது டிரிகர் பாயின்ட் முறை, அதாவது வலிக்கும் தசை முடிச்சையே குறிவைத்து அழுத்துவது. சிகிச்சையாளர் ஒற்றை விரலால் முடிச்சைத் துழாவிப் பிடித்து, மெல்ல அழுத்தி, அப்படியே நிறுத்தினார். தோளில் அழுத்தினால் வலி நெற்றிப்பொட்டில் தெறித்தது! அந்தத் தசையின் வலி அங்கே பரவுவது வழக்கமாம். என் தலைவலிக்கும் காரணம் பிடிபட்டது. கொஞ்ச நேரத்தில் விரலடியில் தசை தளர்வது தெரிந்தது. மறுநாள் அந்த இடம் கன்றிப்போன மாதிரி வலித்தது, பிறகு சரியாகிவிட்டது.

இப்போது வீட்டிலேயே சுவரில் டென்னிஸ் பந்தை வைத்துத் தோளைச் சாய்த்து அழுத்திக்கொள்கிறேன். கழுத்தின் முன்பக்கம் மட்டும் கைவைக்கவே கூடாது. முக்கிய ரத்தக்குழாய்கள் அங்கேதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆழமாக அழுத்தவிட வேண்டாம்.