மேயவிடும் கோழிகளை நாய், கீரி, பருந்திடமிருந்து காப்பது எப்படி?

திறந்தவெளியில் கோழி வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தோட்டத்தைச் சுற்றி வேலி போடுவதில்தான் முதலில் இறங்குகிறார்கள். என் கருத்து வேறு. பகலில் நாயும் கீரியும் பருந்தும் வரும். இருட்டிய பின் மரநாயும் காட்டுப்பூனையும் பாம்பும் வரும். ஒரே வேலி இத்தனையையும் தடுக்காது. கையில் இருக்கும் பணத்தை முதலில் இரவுக் கொட்டகைக்குச் செலவிடுங்கள்.

படி 1: வந்தது எது?

கோழி செத்துக் கிடந்தால் சுத்தம் செய்வதற்கு முன் இடத்தை நன்றாகப் பாருங்கள். பல கோழிகள் குதறப்பட்டு, தின்னப்படாமல் அங்கங்கே கிடந்தால் அநேகமாக நாய்தான். பசி இல்லாவிட்டாலும் ஓடுவதை அது துரத்தும். ஒரே இடத்தில் இறகுகள் பிடுங்கிக் குவிந்திருந்தால் வேட்டைப்பறவை. இரத்தமோ இறகோ இல்லாமல் முட்டையும் குஞ்சும் மறைந்தால் பாம்பைச் சந்தேகியுங்கள். ஈர மண்ணில் தடம் இருந்தால் இன்னும் நல்லது: நாயின் தடத்தில் நகக்குறி தெரியும், பூனையின் தடத்தில் பொதுவாகத் தெரியாது.

படி 2: இரவுக் கொட்டகை

அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். நாய் பல்லால் பற்றி இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்கி, காற்றுவழிகள் உட்பட எல்லாத் திறப்புகளையும் மூடுங்கள். கோழிகள் அடையும் கம்பை வலையை ஒட்டிக் கட்டாதீர்கள். பெரிய கண்ணுள்ள வலையாக இருந்தால், வரும் விலங்கு தூங்கும் கோழியின் தலையை வெளியிலிருந்தே இழுத்துக் கடித்துவிடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

படி 3: வேலியின் அடி

நாய்களைத் தடுக்க வேலி ஐந்து, ஆறு அடி உயரம் வேண்டும். ஆனால் வேலி தோற்பது பெரும்பாலும் அடியில்தான். நாயும் நரியும் நேராக வேலியோரம் வந்து அங்கேயே தோண்டும். அதனால் ஒன்றரை முதல் இரண்டு அடி அகலத்துக்கு வலையை வெட்டி, வேலியின் வெளிப்பக்கம் தரையில் படுக்கையாக விரியுங்கள். ஒரு விளிம்பை வேலியோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். மறு விளிம்பை வளைத்த கம்பி முளைகளால் அறைந்து, மேலே மண்ணைப் பரப்புங்கள். தோண்ட வரும் நகம் வலையில் படும். இரண்டு அடி பின்னால் தள்ளித் தோண்ட அவற்றுக்குப் பெரும்பாலும் தோன்றாது. புல் முளைத்து வலையைப் பிடித்துக்கொண்டால் பிடி இன்னும் உறுதியாகும். கதவுக்கு அடியிலும் இதைச் செய்யுங்கள், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

படி 4: வானத்திலிருந்து வரும் ஆபத்து

மேய்ச்சல் நிலத்தில் புதர்களும் தாழ்ந்த நிழற்பந்தல்களும் ஆங்காங்கே இருக்கட்டும். சேவல் எச்சரித்ததும் கோழிகள் ஓடி ஒளிய இடம் வேண்டும். குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை தாயோடு சேர்த்து மேற்கூரை வலையிட்ட அடைப்புக்குள் மேய்வதே பாதுகாப்பு.

படி 5: அன்றாட வேலை

புதிதாக வாங்கிய கோழிகளை ஒரு வாரம் கொட்டகைக்குள்ளேயே வைத்தால், பிறகு அந்தி சாயும்போது தாமாகவே அடைய வந்துவிடும். எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே தங்கிய கோழி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், தேடி எடுத்து வாருங்கள். நன்றாக விடிந்த பிறகே திறந்துவிடுங்கள். மிச்சத் தீவனத்தை இரவில் வெளியே வைக்காதீர்கள், செத்த கோழியை ஆழமாகப் புதையுங்கள்.

நாய்க்கு விஷம் வைப்பது வேண்டவே வேண்டாம். அதைத் தின்பது எந்த உயிர் என்று உங்களால் தீர்மானிக்க முடியாது. செத்ததைத் தின்னும் பறவைகளும் சேர்ந்து சாகும். வளர்ப்பு நாய் என்று தெரிந்தால் உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள்.

ஒருமுறை கோழி கிடைத்த இடத்துக்கு அந்த விலங்கு மறுபடி வரும், பல நேரம் மறுநாள் இரவே. ஆகவே அது நுழைந்த ஓட்டையை அன்றைக்கு இருட்டுவதற்குள் அடைத்துவிடுங்கள். வலை கைவசம் இல்லையென்றால் கனமான கல்லும் பலகையும் வைத்தாவது அடையுங்கள்.