ஆப்பிள் மரத்தில் மருந்து தெளித்துப் பிஞ்சு கலைக்கும் முறை

ஆப்பிளின் ஒவ்வொரு பூங்கொத்திலும் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு பூக்கள் இருக்கும். நடுப்பூ முதலில் மலர்ந்து, வழக்கமாகக் கொத்தின் மிகப் பெரிய காயாக வளரும். எல்லாமே காய்பிடித்துவிட்ட ஆண்டில் பழங்கள் சிறுத்துப்போவது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு மறு ஆண்டில்தான் தெரியவரும். பிஞ்சுக்குள் வளரும் விதைகளில் உண்டாகும் ஜிப்பரலின் என்னும் தாவர ஹார்மோன், பூத்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடும் அடுத்த ஆண்டுப் பூமொட்டு உருவாக்கத்தைத் தடுக்கிறது. மாமரம் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதன்று. ஆகவே கலைப்பு, அதாவது மிகுதியான பிஞ்சுகளை உதிர்த்துவிடுவது, சீக்கிரமாக நடக்க வேண்டும். கோடையின் நடுவில் கையால் கிள்ளினால் பழம் ஓரளவு பெருக்குமே தவிர, மறு ஆண்டுப் பூவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

கலைக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-ஆம் ஆண்டு சிம்லா மலைப்பகுதியின் கோட்கட்டில் நட்ட டெலிஷியஸ் வகை இன்றும் ஹிமாச்சலத் தோட்டங்களில் நிறைந்திருக்கிறது. பூக்கும் பருவத்தில் மழையும் குளிரும் சேர்ந்து தேனீக்கள் பறக்காமல் போன ஆண்டில், அந்த மரங்களில் காய்பிடிப்பே குறைந்திருக்கும். அப்போது மருந்தைத் தொடக் கூடாது. மரத்தைக் குட்டையாக வைக்கும் எம்.9 என்ற வேர்ச்செடியில் ஒட்டி நெருக்கமாக நட்ட காலா போன்ற வகைகளுக்கோ, கலைப்பு அநேகமாக ஆண்டுதோறும் தேவைப்படும்.

மரம் எத்தனை பழம் தாங்கும் என்பதை அடிமரத்தைக் கொண்டு கணக்கிடலாம். ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே தண்டின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் தண்டின் குறுக்குப் பரப்பு கிடைக்கும். நெருக்க நடவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நான்கு முதல் ஆறு பழங்கள் என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு. சுற்றளவு 15 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 18. ஐந்து பழம் வீதம் 90 பழங்களுக்கு மேல் அந்த மரத்தில் விட வேண்டாம்.

தெளிக்கும் நாளை நாட்காட்டி பார்த்துக் குறிக்காதீர்கள். வெர்னியர் காலிப்பரால் பிஞ்சை அளந்து குறியுங்கள். நடுக்காய்கள் 8 முதல் 12 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும்போதுதான் மரம் மருந்துக்கு நன்றாக இணங்கும். இந்தக் கட்டத்துக்குரிய வளர்ச்சி ஊக்கிகளில் முக்கியமானவை நாப்தலீன் அசிட்டிக் அமிலமும் பென்சைல் அடினைனும் ஆகும். முன்னதை 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில் தெளிப்பதானால் 200 லிட்டர் டிரம்முக்கு 2 கிராம் மூலப்பொருள் வேண்டும், 4.5 சதவீதக் கரைசலில் அது ஏறத்தாழ 44 மில்லிலிட்டர். உங்கள் வகைக்குரிய அளவை மருந்தின் லேபிளிலும் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் சரிபார்த்த பிறகே கலக்குங்கள். டெலிஷியஸ், ஃபியூஜி வகைகளில் இவ்விரண்டையும் ஒரே பருவத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பிஞ்சுகள் உதிராமலும் பெருக்காமலும் குட்டையாக மரத்திலேயே நின்றுவிடும். பிஞ்சு கலைக்க அயல்நாட்டுக் கையேடுகள் பல சொல்லும் கார்பரில் என்ற பூச்சிக்கொல்லி இந்தியாவில் 2018-இல் தடை செய்யப்பட்டது. தேனீக்களைக் கொல்லும் அந்த மருந்தை எவரேனும் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அளவைச் சரியாகக் கலந்தவர்களும் பெரும்பாலும் தவறுவது வானிலையில்தான். பிஞ்சு உதிர்வது மரத்தின் உணவுப் பற்றாக்குறையால். மருந்து அந்தப் பற்றாக்குறையைக் கூட்டி, பலவீனமான பிஞ்சுகளைத் தள்ளிவிடுகிறது. எனவே, மேகமூட்டத்தால் இலைகள் உணவு தயாரிக்க இயலாமல், இரவும் வெப்பமாக இருக்கும் நாட்களில் அதே அளவு மருந்து அளவுக்கு மீறி உதிர்க்கும். வெயில் நன்றாக அடித்து இரவு குளிர்ந்திருந்தால் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. பகல் வெப்பம் 21 முதல் 25 பாகை செல்சியஸ் வரை இருக்கும் நாட்கள் ஏற்றவை. 18-க்குக் கீழே இருந்தால் காத்திருங்கள். 30-ஐத் தொடும் என்றால் தள்ளிப்போடுங்கள். இலைகள் மெதுவாக உலரும் அதிகாலையிலோ மாலையிலோ, காற்று அடங்கியிருக்கும்போது, மரத்தின் உச்சி வரை சீராக நனையும்படி தெளியுங்கள். ஒரு வரிசையில் ஓரிரு மரங்களைத் தெளிக்காமல் விட்டுவைத்தால்தான் உதிர்ந்தது மருந்தாலா இயற்கையாலா என்பது தெரியும்.

உதிர்வு கண்ணுக்குத் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் மறு தெளிப்புக்கான காலம் கடந்துவிடும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டுவேன் கிரீன் வகுத்த வழி இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. ஐந்து மரங்களில், மரத்துக்குப் பதினைந்து கொத்துகளில் அடையாளம் கட்டி, தெளித்த மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் ஒவ்வொரு பிஞ்சையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மிக வேகமாக வளரும் பிஞ்சுகளின் வேகத்தில் பாதிக்கும் குறைவாக வளர்பவை உதிர்ந்துவிடும் என்று கொள்ளலாம். மீதியின் எண்ணிக்கை உங்கள் கணக்கைவிட மிகுந்திருந்தால் மட்டும் இரண்டாம் முறை தெளியுங்கள்.

அதற்குப் பிறகும் கொத்தில் இரண்டு மூன்று காய்கள் நின்றால், காம்பைக் கத்தரியால் வெட்டி, நல்ல காய் ஒன்றை மட்டும் விடுங்கள். கொத்தைச் சுமக்கும் குறுங்கிளை முறிந்துவிடும் என்பதால் காயைப் பிடித்து இழுக்கக் கூடாது.